சர்க்கரைக்கு நான்கு வாயில்கள்



ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த வீட்டில் தாத்தாவுக்கு வயது 65. பேத்திக்கு வயது 11. இருவருக்குமே நீரிழிவு நோய். தாத்தா காலையில் எழுந்ததும் சிறுகுறிஞ்சான் பொடியை வெந்நீரில் கலந்து குடிக்கிறார். பிறகு மருத்துவர் தந்த மாத்திரையையும் விழுங்குகிறார். பேத்தியோ நாள்தோறும் சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்கிறாள். ஊரிலிருந்து வந்த உறவினர் ஒருவர் இதைப் பார்க்கிறார். "பிஞ்சுக் குழந்தையை ஏன் இப்படிக் குத்துகிறீர்கள்? தாத்தா குடிக்கும் பொடியையே இவளுக்கும் கொடுங்களேன். மூலிகைதானே, கெடுதல் ஒன்றும் வராது" என்கிறார்.

அவர் அன்போடுதான் சொல்கிறார். ஆனால் அதைக் கேட்டு ஊசியை நிறுத்தினால், சில நாட்களிலேயே அந்தச் சிறுமியின் உயிருக்கு ஆபத்து வந்துவிடும். அப்படியானால் தாத்தாவின் பொடியில் ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. பின் ஏன் அது பேத்திக்கு உதவாது? இவ்விரு கேள்விகளுக்கும் விடை காண்போம். அதற்கு முதலில் நம் உடலில் சர்க்கரை எந்த வழியாக வருகிறது, எந்த வழியாகப் போகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு தேக்கரண்டிச் சர்க்கரை

வளர்ந்த மனிதர் ஒருவரின் உடலில் சுமார் 5 லிட்டர் இரத்தம் இருக்கிறது. அந்த இரத்தம் முழுவதிலும் உள்ள குளுக்கோஸ் என்ற சர்க்கரையின் அளவு எவ்வளவு தெரியுமா? ஏறக்குறைய 5 கிராம். அதாவது ஒரு தேக்கரண்டி! நாம் உண்ணும் ஒரு தட்டுச் சோற்றிலிருந்து இதைப்போலப் பல மடங்கு குளுக்கோஸ் கிடைக்கிறது. ஆயினும் நலமாக இருப்பவரின் இரத்தத்தில் இந்த அளவு அதிகம் மாறுவதில்லை. காலையில் வெறும் வயிற்றில் பார்த்தால் 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 70 முதல் 100 மில்லிகிராம் வரைதான் இருக்கும்.

இந்தக் கட்டுப்பாட்டைக் காப்பது இன்சுலின். இரைப்பைக்குப் பின்னால் உள்ள கணையத்தில் பீட்டா செல்கள் என்னும் நுண்ணிய செல்கள் இதைச் சுரக்கின்றன. தசைச் செல்லின் கதவைத் திறந்து குளுக்கோஸை உள்ளே விடும் சாவி என்று இன்சுலினைச் சொல்லலாம்.

பேத்தியின் உடலில் பீட்டா செல்கள் அழிந்துவிட்டன. கிருமிகளை எதிர்க்க வேண்டிய அவளது நோய் எதிர்ப்பு மண்டலமே அவற்றைத் தவறுதலாக அழித்துவிட்டது. சாவி செய்யும் பட்டறையே இல்லை. இதை முதல் வகை நீரிழிவு என்பர். தாத்தாவின் கதை வேறு. அவர் உடலில் இன்சுலின் சுரக்கிறது. ஆனால் பூட்டு துருப்பிடித்ததுபோல் செல்கள் அதற்குச் சரியாகப் பணிவதில்லை. நாளடைவில் சுரப்பும் குறைகிறது. இது இரண்டாம் வகை. நீரிழிவு நோயாளிகளில் மிகப் பெரும்பாலோர் இவ்வகையினரே. பெயர் ஒன்றாக இருந்தாலும் நோய் இரண்டு என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி வாயில்களுக்கு வருவோம். சர்க்கரை நாக்கில் சுவையாகிறது. குடலில் இரத்தத்தினுள் நுழைகிறது. கல்லீரலில் சேமிக்கப்பட்டுத் தேவையானபோது வெளிவருகிறது. சிறுநீரகத்தில் வடிகட்டப்பட்டு மீண்டும் இரத்தத்திற்கே திரும்புகிறது. நாக்கு, குடல், கல்லீரல், சிறுநீரகம் ஆகிய இந்த நான்கு வாயில்களிலும் காவல் நிற்கக்கூடிய பொருள்களைத் தாவரங்கள் உண்டாக்குகின்றன என்பதுதான் விந்தை!

முதல் வாயில்: நாக்கு

சிறுகுறிஞ்சான் என்பது வேலிகளிலும் புதர்களிலும் படரும் கொடி. இதற்குச் சர்க்கரைக்கொல்லி என்றும் ஒரு பெயர் உண்டு. ஏன் இந்தப் பெயர்? ஒரு சோதனை செய்து பார்த்தால் தெரிந்துவிடும். செடியை நன்கு அறிந்த பெரியவர் ஒருவரை உடன் வைத்துக்கொள்ளுங்கள். கழுவிய இலை ஒன்றை ஒரு நிமிடம் நன்றாக மென்று, சாற்றை நாக்கு முழுவதும் படவிட்டுத் துப்பிவிடுங்கள். வாயைக் கொப்பளித்த பின் சிறிது சர்க்கரையை நாக்கில் வையுங்கள். மணலை மெல்வதுபோல் இருக்கும்! இனிப்பே தெரியாது. உப்பைத் தொட்டால் உப்பு கரிக்கும், புளி புளிக்கும். இனிப்பு மட்டுமே மறைந்திருக்கும். அரை மணி நேரம் போல் கழிந்தால் அது திரும்பிவிடும். நீரிழிவுக்கு மருந்து சாப்பிடுபவர்கள் மட்டும் இச்சோதனையில் இறங்க வேண்டாம்.

இந்த இலையின் தன்மை 1847ஆம் ஆண்டிலேயே இலண்டனிலுள்ள லின்னேயன் கழகத்தின் பார்வைக்குப் போயிற்று. இந்தியாவில் பணியாற்றிய எட்ஜ்வொர்த் என்ற அதிகாரி கவனித்துச் சொன்ன செய்தி அது. 40 ஆண்டுகளுக்குப் பின் நம் உதகமண்டலத்தில் இதன் காரணம் தேடப்பட்டது. மலேரியாவுக்கு மருந்தான குயினைனைத் தரும் சின்கோனா மரங்கள் அப்போது நீலகிரியில் பயிரிடப்பட்டன. அவற்றின் பட்டையைப் பகுத்தாராயும் அரசு வேதியியலராக இருந்தவர் டேவிட் ஹூப்பர். அவர் 1887இல் சிறுகுறிஞ்சான் இலையிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்து அதற்கு ஜிம்னீமிக் அமிலம் என்று பெயரிட்டார். சிறுகுறிஞ்சானின் தாவரவியல் பெயரான ஜிம்னீமா சில்வெஸ்ட்ரே என்பதிலிருந்து வந்த பெயர் இது. பிற்காலத்தில் இது ஒரே பொருள் அன்று, ஒன்றுபோல் அமைந்த பல பொருள்களின் கூட்டம் என்று தெரியவந்தது. சோப்புக்காயில் நுரையைத் தரும் சபோனின் இனத்தைச் சேர்ந்தவை இவை.

நாக்கில் இது எப்படி வேலை செய்கிறது? நம் சுவை மொட்டுகளில் இனிப்பை உணர்வதற்கென்றே இரண்டு புரதங்கள் இணைந்த ஏற்பி ஒன்று உண்டு. ஜிம்னீமிக் அமிலம் அந்தப் புரதங்களில் ஒன்றின்மீது போய் ஒட்டிக்கொண்டு ஏற்பியை ஊமையாக்கிவிடுகிறது. ஒட்டிக்கொள்ளும் இடம் எது என்பதை 2014இல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் காட்டினர். எலியின் ஏற்பி சற்றே வேறு அமைப்புடையது. ஆதலால் சுண்டெலிக்கு இந்த அமிலத்தால் இனிப்பு மறைவதில்லை.

ஆனால் கவனியுங்கள். நாக்கை ஏமாற்றுவது வேறு. இரத்தத்தில் சர்க்கரையைக் குறைப்பது வேறு. இனிப்புத் தெரியாவிட்டாலும் விழுங்கிய சர்க்கரை குடலுக்குப் போகத்தான் போகிறது. அப்படியானால் இந்த இலைக்கு நோயின்மேல் ஏதேனும் ஆற்றல் உண்டா? 1990இல் சென்னைப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டனர். இரண்டாம் வகை நோயாளிகள் 22 பேர், வழக்கமான மாத்திரையுடன் நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் இலைச்சத்தை 18 முதல் 20 மாதங்கள் உண்டனர். அவர்களின் இரத்தச் சர்க்கரை குறைந்தது. 5 பேர் மாத்திரையையே நிறுத்த முடிந்தது. நம்பிக்கை ஊட்டும் செய்திதான். ஆனால் 22 பேர் போதுமா? இக்கேள்விக்குப் பிறகு வருவோம்.

இரண்டாம் வாயில்: குடல்

சோற்றில் உள்ள மாவுச்சத்து குளுக்கோஸ் மணிகளைக் கோத்த நீண்ட மாலை போன்றது. மாலையாகவே அது இரத்தத்தில் புக முடியாது. குடலில் உள்ள நொதிகள் அதை அறுத்து மணி மணியாக்க வேண்டும். அறுக்கும் கத்தியை மழுக்கிவிட்டால்?

இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் வளரும் பொன்கொரண்டி என்ற ஏறுகொடியின் வேரும் தண்டும் நீரிழிவுக்கு மருந்தாக நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகின்றன. இலங்கையில் இதன் கட்டையைக் குடைந்து குவளை செய்வார்கள். இரவில் அதில் நீரை ஊற்றி வைத்துக் காலையில் குடிப்பது வழக்கம். 1997இல் ஜப்பானின் கியோட்டோ மருந்தியல் பல்கலைக்கழகத்தினர் இக்கொடியிலிருந்து சலாசினால் என்ற பொருளைப் பிரித்தனர். இதன் மூலக்கூறு உருவத்தில் ஓரளவு சர்க்கரையை ஒத்தது. நொதி ஏமாந்து இதைப் பிடித்துக்கொள்கிறது. ஆனால் அறுக்க முடிவதில்லை. பூட்டில் சிக்கிய போலிச் சாவிபோல் இது அங்கேயே தங்க, மாவுச்சத்து உடைவது தாமதமாகிறது. குளுக்கோஸ் வெள்ளமாகப் பாயாமல் ஓடையாகக் கசிகிறது.

வெந்தயமும் இதே வாயிலில்தான் வேலை செய்கிறது. ஆனால் வேறு விதமாக. ஒரு கரண்டி வெந்தயத்தை இரவில் ஊறவைத்துக் காலையில் விரலால் தேய்த்துப் பாருங்கள். வழவழவென்று இருக்கும். காலக்டோமேனன் என்னும் நார்ப்பொருளின் வேலை அது. குடலில் இது கூழாகி, சர்க்கரை குடற்சுவரை அடைவதைத் தாமதப்படுத்துகிறது. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் இதை ஆராய்ந்து 1990இல் வெளியிட்ட ஆய்வொன்றில், கொழுப்பு நீக்கிய வெந்தயப் பொடி நாளொன்றுக்கு 100 கிராம் தரப்பட்டது. இரத்தச் சர்க்கரையும் குறைந்தது. நாம் தாளிக்கப் போடும் சிட்டிகை எங்கே, 100 கிராம் எங்கே! ஒரு பொருள் மருந்தா அல்லவா என்று கேட்பதோடு, எவ்வளவு என்றும் கேட்க வேண்டும்.

மூன்றாம் வாயில்: கல்லீரல்

இரவு முழுவதும் நாம் உண்பதில்லை. ஆயினும் மூளைக்குக் குளுக்கோஸ் வேண்டும். அதைத் தருவது கல்லீரல். தன் சேமிப்பிலிருந்தும், பிற பொருள்களிலிருந்து புதிதாக ஆக்கியும் அது குளுக்கோஸை வெளியிடுகிறது. இரண்டாம் வகை நீரிழிவில் இந்த வாயில் வேண்டிய அளவுக்கு மேல் திறந்தே கிடக்கிறது. அதனால்தான் இரவில் பட்டினி கிடந்தாலும் காலையில் சர்க்கரை கூடியிருக்கிறது.

இதை அடக்கும் வழியைக் காட்டியது ஐரோப்பாவின் வயல்வெளிச் செடி ஒன்று. அதன் பெயர் கலீகா அஃபிசினாலிஸ். அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த அது, ஊதாவும் வெண்மையுமாகப் பூக்கும். பழைய ஐரோப்பிய வைத்தியத்தில் பல நோய்களுக்கு அதைக் கொடுத்து வந்தனர். ஆனால் அது நஞ்சுச் செடியும்கூட. 1891இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் கால்நடைத் தீவனமாக அதைக் கொண்டுவந்தனர். மேய்ந்த விலங்குகளுக்கு அது நஞ்சாயிற்று. ஒழிக்க முடியாத களையாகவும் பரவிவிட்டது.

இச்செடியிலிருந்து 1914ஆம் ஆண்டளவில் கலீகின் என்ற பொருள் பிரிக்கப்பட்டது. நைட்ரஜன் மிகுந்த குவானிடின் என்னும் அமைப்பு இதன் மூலக்கூறில் உண்டு. 1918இல் குவானிடின் விலங்குகளின் இரத்தச் சர்க்கரையைக் குறைப்பது தெரிந்தது. ஆனால் குவானிடினும் சரி, கலீகினும் சரி, மருந்தாகக் கொடுக்கும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடையே போதிய இடைவெளி இல்லாதவை. இயற்கை வழியைக் காட்டியது. நேராக நடக்க விடவில்லை.

வேதியியலார் அந்த மூலக்கூறை மாற்றி அமைக்கத் தொடங்கினர். இரண்டு குவானிடின்களை இணைத்தாற்போன்ற ஒரு பொருளை 1922இல் டப்ளின் நகரில் வெர்னர், பெல் என்ற இருவர் ஆக்கினர். அதுவே மெட்ஃபார்மின்! ஆனால் அதே ஆண்டில்தான் கனடாவில் இன்சுலின் முதன்முதலாக நோயாளிக்குச் செலுத்தப்பட்டது. உலகமே இன்சுலினைப் பார்த்து வியந்துகொண்டிருந்ததால் மெட்ஃபார்மினை யாரும் பொருட்படுத்தவில்லை. 1957இல் ஜான் ஸ்டெர்ன் என்ற பிரெஞ்சு மருத்துவர், நீரிழிவு நோயாளிகளுக்கு அதைத் தந்து கண்ட பயனை வெளியிட்டார். பின்னர் பிரிட்டனில் பல ஆண்டுகள் நடந்த பேராய்வின் முடிவு 1998இல் வந்தது. உடற்பருமன் மிகுந்த நோயாளிகளில் மெட்ஃபார்மின் இறப்பையும் மாரடைப்பையும் குறைக்கிறது என்று அது காட்டியது. இன்று உலகெங்கும் இரண்டாம் வகை நீரிழிவுக்கு மிகுதியாகத் தரப்படும் மாத்திரைகளுள் இது ஒன்று. நம் தாத்தா விழுங்கும் மாத்திரையும் பெரும்பாலும் இதுவாகவே இருக்கும். பொடி மூலிகை, மாத்திரை "இங்கிலீஷ் மருந்து" என்று பிரித்துப் பேசுகிறோம். பார்க்கப்போனால் அந்த மாத்திரைக்கும் ஒரு செடிதான் பாட்டி!

நான்காம் வாயில்: சிறுநீரகம்

சிறுநீரகங்கள் ஒரு நாளில் சுமார் 180 கிராம் குளுக்கோஸை இரத்தத்திலிருந்து வடிகட்டுகின்றன. அதை வீணாக்காமல் ஏறக்குறைய முழுவதையும் மீட்டு இரத்தத்திற்கே அனுப்பிவிடுகின்றன. இந்த மீட்பு வேலையைச் செய்பவை சில கடத்துபுரதங்கள்.

1835இல் ஐரோப்பிய வேதியியலார் ஆப்பிள் மரத்தின் வேர்ப்பட்டையிலிருந்து ஃபுளோரிசின் என்ற கசப்புப் பொருளை எடுத்தனர். சின்கோனாப் பட்டை போலக் கசந்ததால் காய்ச்சலுக்கு உதவும் என்று எண்ணினர். 1886இல் ஜெர்மானியரான வான் மெரிங் அதை நாய்களுக்குக் கொடுத்துப் பார்த்தபோது, அவற்றின் சிறுநீரில் சர்க்கரை வெளியேறியது! மீட்கும் புரதங்களை ஃபுளோரிசின் தடுத்துவிட்டதே காரணம். மூன்று ஆண்டுகளுக்குப் பின் இதே வான் மெரிங், மின்கோவ்ஸ்கி என்பவருடன் சேர்ந்து, கணையத்தை நீக்கினால் நாய்க்கு நீரிழிவு வருகிறது என்பதையும் கண்டார்.

ஃபுளோரிசின் குடலிலேயே பெரிதும் சிதைந்துவிடும்; வயிற்றுப்போக்கையும் உண்டாக்கும். ஆகவே அதன் அமைப்பை முன்மாதிரியாக வைத்துப் புதிய மூலக்கூறுகளை ஆக்கினர். அவ்வாறு பிறந்த டாபாகிளிஃபுளோசின் 2012இல் ஐரோப்பாவில் விற்பனைக்கு ஒப்புதல் பெற்றது. பட்டையிலிருந்து மாத்திரை வர 177 ஆண்டுகள் ஆயின!

நியாயமான சோதனை எது?

இப்போது 22 பேர் கேள்விக்கு வருவோம். மருந்து சாப்பிடத் தொடங்கும் ஒருவர் பெரும்பாலும் இனிப்பையும் குறைக்கிறார், நடைப்பயிற்சியும் தொடங்குகிறார். சர்க்கரை குறைந்தால் காரணம் மருந்தா, நடையா? இதைப் பிரித்தறிய ஒரு வழி உண்டு. நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோல் இரு குழுக்களாகப் பிரிக்க வேண்டும். ஒரு குழுவுக்கு உண்மை மருந்து. மற்றதற்கு அதே தோற்றமுள்ள போலி மருந்து. யாருக்கு எது கிடைத்தது என்பது முடிவு வரும்வரை நோயாளிக்கும் தெரியக்கூடாது, மருத்துவருக்கும் தெரியக்கூடாது. 1990இன் சிறுகுறிஞ்சான் ஆய்வு இம்முறையில் நடந்ததன்று. எனவே அதை நல்ல தொடக்கம் என்று சொல்லலாம். முடிவு என்று சொல்ல முடியாது.

பாகற்காயின் கதையும் இதுவே. அதிலிருந்து 1981இல் இந்திய ஆராய்ச்சியாளர்கள் பாலிபெப்டைடு-பி என்ற புரதத்தைப் பிரித்து, தோலுக்கடியில் ஊசியாகச் செலுத்தியபோது சர்க்கரை குறைந்ததாக அறிவித்தனர். "தாவர இன்சுலின்" என்ற பெயரும் அதற்கு வந்தது. ஆனால் சிந்தித்துப் பாருங்கள். இன்சுலினும் ஒரு புரதம். அதை ஏன் விழுங்காமல் ஊசியாகப் போடுகிறோம்? விழுங்கினால் பருப்பைச் செரிப்பதுபோல் வயிறு அதையும் செரித்துவிடும். பாகற்காயின் புரதத்துக்கு மட்டும் வயிறு சலுகை காட்டுமா? பாகற்காய் பற்றிய 4 சோதனைகளையும் அவற்றில் பங்குகொண்ட 479 பேரையும் 2012இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு ஆராய்ந்தது. இரண்டாம் வகை நீரிழிவுக்கு அதைப் பரிந்துரைக்கப் போதிய சான்று இல்லை என்பதே முடிவு. பாகற்காய் நல்ல காய், மகிழ்ச்சியோடு உண்ணுங்கள். மருந்து என்ற பட்டம் இன்னும் அதற்குக் கிடைக்கவில்லை.

"மூலிகைதானே, கெடுதல் வராது" என்ற பேச்சையும் இங்கே எடைபோடுவோம். கலீகா மேய்ந்த விலங்குகள் அதை ஒப்புக்கொள்ளமாட்டா! மேலும், செடியில் உள்ள மருந்துப்பொருளின் அளவு மண்ணுக்கு மண், பருவத்துக்குப் பருவம் மாறும். கடைகளில் விற்கும் சில "மூலிகைப் பொடி"களில் கிளிபென்கிளமைடு என்ற மாத்திரை மருந்தை எவருக்கும் சொல்லாமல் கலந்திருந்ததைப் பல நாடுகளில் சோதனைச்சாலைகள் கண்டுபிடித்திருக்கின்றன. அதைச் சாப்பிட்டவருக்குச் சர்க்கரை திடீரென்று மிகவும் தாழ்ந்து மயக்கமே வரலாம்.

மீண்டும் அந்த வீட்டிற்கு

நான்கு வாயில்களையும் பார்த்துவிட்டோம். இந்த நான்கிலும் நிற்கும் காவலர்கள் என்ன செய்கிறார்கள்? சர்க்கரை உள்ளே வருவதைக் குறைக்கிறார்கள், அல்லது வெளியே அனுப்புகிறார்கள். இரத்தத்தில் உள்ள சர்க்கரையைச் செல்லுக்குள் சேர்க்கும் சாவியை இவர்களில் எவரும் செய்து தருவதில்லை. தாத்தாவின் உடலில் சாவி இருக்கிறது. ஆகவே காவலர்களின் உதவி அவருக்குப் பயன்படுகிறது.

பேத்திக்குச் சாவியே இல்லை. இரத்தத்தில் குளுக்கோஸ் நிறைந்திருந்தும் அவளது செல்கள் பட்டினி கிடக்கும். வேறு வழியின்றி உடல் கொழுப்பை அளவின்றி எரிக்கும். அதனால் கீட்டோன்கள் என்னும் பொருள்கள் பெருகி இரத்தம் அமிலத்தன்மை அடையும். வாந்தி, வயிற்றுவலி, ஆழ்ந்த வேகமான மூச்சு, மூச்சில் பழவாடை ஆகியவை இதன் அறிகுறிகள். உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லாவிட்டால் உயிர் பிழைப்பது அரிது. 1922க்கு முன் இந்நோய் வந்த குழந்தைகளின் கதி இதுதான். அந்த ஆண்டு ஜனவரியில், கனடாவின் டொரான்டோ நகரில் லெனார்டு தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதல் இன்சுலின் ஊசி போடப்பட்டது. சாவின் விளிம்பில் இருந்த அவன் பிழைத்து, மேலும் 13 ஆண்டுகள் வாழ்ந்தான். ஆகவே பேத்தியின் ஊசி தண்டனை அன்று. அவளது உடல் செய்ய முடியாத ஒன்றை அவளுக்குச் செய்து தரும் தோழன்.

தாத்தாவுக்கும் ஒரு சொல் உண்டு. பொடி குடிப்பதை அவர் மருத்துவரிடம் மறைக்கக் கூடாது. பொடியும் மாத்திரையும் சேர்ந்து சர்க்கரையை அளவுக்குமேல் இறக்கிவிட்டால் வியர்வை, நடுக்கம், மயக்கம் வரலாம். மருத்துவருக்குத் தெரிந்தால்தான் இரத்தத்தைச் சோதித்து மருந்தின் அளவைத் திருத்துவார்.

உங்கள் வீட்டிலோ அடுத்த வீட்டிலோ அந்த உறவினரைப்போல் ஒருவர் பேசக்கூடும். அப்போது, "ஐயா, தாத்தாவுக்கு வந்த நோய் வேறு, இவளுக்கு வந்த நோய் வேறு" என்று பணிவாக எடுத்துச் சொல்லுங்கள். உங்கள் ஒரு வார்த்தை ஓர் உயிரைக் காப்பாற்றலாம்.

பிறகு ஒருநாள் வேலியோரம் சிறுகுறிஞ்சான் கொடியைக் கண்டால் நின்று பாருங்கள். உதகமண்டலத்தில் ஹூப்பர் தொடங்கிய வேலை இன்னும் முடியவில்லை. அந்த இலையின் முழு ஆற்றலையும் நியாயமான சோதனையால் அளந்து சொல்ல ஓர் ஆராய்ச்சியாளர் வேண்டும். அவர் இப்போது உங்கள் வகுப்பில் உட்கார்ந்திருக்கலாம்!